எலி வேலைக்கு ஒரு மனு

முடியில்லாத ஆய்வக எலிகளைப் புதுச் சட்டம் நன்றாகவே கவனித்துக்கொண்டது. வெயில் தோலை என்ன செய்யும் என்று சோதிக்க, புற ஊதா விளக்கின் கீழ் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் வேலை. ஞாயிறு விடுமுறை. தோல் லேசாகச் சிவந்தாலே மருத்துவர் ஓடிவருவார். ஆறு மாதத்தில் ஏசி அறையில் ஓய்வு.

ஆய்வக வாசலில் செக்யூரிட்டி பவுல்ராஜுக்கு வெயிலில் பன்னிரண்டு மணி நேர வேலை. நிழலுக்குக் கூரை கேட்டால், கேமராவை மறைக்கும் என்றார்கள். அவர் பிடரியில் ஒரு புண் நான்கு மாதமாக ஆறவில்லை.

எலிகள் நல அதிகாரி நஸ்ரீன் காரிலிருந்து இறங்கியதும் பவுல்ராஜ் மனுவை நீட்டினார்.

“மேடம், என்னையும் எலியா சேத்துக்குங்க.”

“என்ன பவுல்ராஜ், காலையிலேயே கிண்டலா?”

“தகுதி இருக்கு மேடம்.” தொப்பியைக் கழற்றி வழுக்கைத் தலையைக் காட்டினார். “கடிக்கவும் மாட்டேன்.”

சிரித்த நஸ்ரீன், புண்ணைப் பார்த்ததும் அதைப் படமெடுத்து மனுவோடு சேர்த்து மேலே அனுப்பினார்.

பத்தாம் நாள் நெறிமுறைக் குழுவின் பதில் வந்தது: “மனு நிராகரிக்கப்படுகிறது. எங்களுக்குத் தேவை புதுத் தோல். இந்தத் தோலில் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது.”

பவுல்ராஜ் அதை இரண்டு முறை படித்தார். நல்ல கெட்டியான தாள். மடித்துத் தொப்பியின் பின்பக்கம் செருகிக்கொண்டார். பிடரியில் நிழல் விழுந்தது.