வலிப்பதற்கு முன்

எண்ணெயில் பூரி உப்பிக்கொண்டிருந்தபோதே அலாரம் அடித்தது.

பூரியை எடுத்துத் தட்டில் போட்டாள். அடுப்பைக் குறைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

கூடத்தில் நாத்தனார் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்குத்தான் பூரி போயிருந்தது.

இடுப்பில் வலி இல்லை.

இன்னும் இல்லை.

எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அன்று காரை ஓட்டிக்கொண்டே அவள் கணவன் கதிரேசன் தன் தங்கையிடம் போனில் சொன்னான்.

"எல்லாம் மனசுலதானாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பின்சீட்டில் அவள் காலை மடக்கிப் படுத்திருந்தாள்.

ஆலோசகர் யமுனா சிரிக்கவில்லை. வலி நிஜம் என்றார். தாங்க முடியாமல் போகும்வரை வேலை செய்வது, அப்புறம் இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது. இந்தச் சுற்றை உடைக்க வேண்டும் என்றார்.

"வலி வந்தப்புறம் உக்காராதீங்க. அலாரம் வெச்சு, வர்றதுக்கு முன்னாடியே உக்காந்திடுங்க."

கேட்க எளிதாகத்தான் இருந்தது.

ஆனால் இந்த வீட்டில் உட்கார வேண்டுமென்றால் அழ வேண்டும். கண்ணீர் வந்தால் தைலம் வரும். நன்றாக இருக்கிறவள் சும்மா உட்கார்ந்தால் என்ன வரும்?

கதிரேசன் வந்தான். கையில் காலித் தட்டு.

"வலிக்குதா?"

ஆமாம் என்றால் போதும். முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் போதும். அவளுக்கு அது பழக்கம்தான். சின்ன வலிக்கும் பெரிய வலியின் முகத்தைக் காட்டி, கால்மணி நேர ஓய்வைப் பிச்சை வாங்கியிருக்கிறாள்.

நினைத்ததும் காது சுட்டது.

"இல்ல. வலிக்கல. அதான் உக்காந்திருக்கேன்."

அவனுக்குப் புரியவில்லை. கொஞ்சம் கழித்து, புரிந்த மாதிரி கத்தினான்.

"வலிக்கலைன்னா எழுந்திரு! எல்லாரும் தட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

கூடத்தில் பேச்சு நின்றது.

அவள் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தாள். கோபம் வந்தால் மூச்சை மெல்ல விடச் சொல்லியிருந்தார் யமுனா. அவள் விடவில்லை. இந்தக் கோபம் அவளுக்கு வேண்டும்.

எழுந்திருக்கவில்லை.

அவன் கரண்டியை எடுத்தான். அடுப்பைக் கூட்டினான். தேய்த்து வைத்திருந்த பூரியை உயரத்திலிருந்து விட்டெறிந்தான்.

எண்ணெய் தெறித்தது.

"ஐயோ, அம்மா!"

மாமியார் ஓடி வந்தாள். நாத்தனார் ஐஸ் எடுத்தாள். நாத்தனாரின் கணவர் அடுப்பை அணைத்தார். கதிரேசனின் கையைக் குழாயடியில் பிடித்தார்கள், ஊதினார்கள், மின்விசிறியைத் திருப்பினார்கள். மணிக்கட்டில் மிளகளவு சிவப்பு.

எவ்வளவு வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லாரும் நம்பினார்கள்.

அவள்தான் கேட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"ரொம்ப வலிக்குதாங்க?"

அவன் சட்டென்று திரும்பினான்.

"பின்ன, நடிக்கிறேனா?"

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

நாத்தனார் ஐஸைப் பிடித்த கையை மெல்ல இறக்கினாள்.