பழைய மெஷின்

எஸ்தரின் விரல்கள் பலமிழக்கத் தொடங்கியதிலிருந்து, அவள் விளையாட்டில் தோற்கும்போதெல்லாம் கணவன் ஜெபசீலன் வீட்டிலிருந்த வீடியோ கேம் மெஷினைத்தான் திட்டினான். "பழசாயிடுச்சு எஸ்தர். நீ அமுக்கறது அதுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது." அவளும் நம்பினாள். புதிது வாங்கலாமா என்று பார்க்க, அவளே அவனைக் கடைக்கு இழுத்து வந்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த புது மெஷினின் கன்ட்ரோலரை வாங்கிக் கட்டைவிரலால் பட்டனை அழுத்தினாள். திரையில் சுவரைத் தாண்ட வேண்டிய விளையாட்டுச் சிறுமி அதன் முன் அப்படியே நின்றாள். மறுபடியும் அழுத்தினாள். சிறுமி நகரவில்லை. "இதுவும் சரியில்ல போல," என்றான் ஜெபசீலன் அவசரமாக. விற்பனையாளர் கன்ட்ரோலரை வாங்கி லேசாகத் தொட்டார். சிறுமி சுவரைத் தாண்டி ஓடினாள். "பாத்தீங்களா மேடம், சும்மா பறக்குது. பேக் பண்ணிடவா?" எஸ்தர் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். "ஏங்க," என்றாள், "அப்போ வீட்ல இருக்கறதும் நல்லாத்தான் இருக்கா?"