வெள்ளைப் பெட்டிக்காரனுக்கு

"ஏய் வெள்ளைப் பெட்டி, உன் பின் கைப்பிடி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. அச்சு பூட்டல. பாத்துக்க."

வயர்லெஸ்ஸில் இந்தக் குரல் கரகரத்தபோது டெல்பர்ட்டின் லாரி வைட் பேர்ட் மலை இறக்கத்தில் நன்றாக இறங்கிவிட்டிருந்தது. எதிரே மரக்கட்டை ஏற்றி மலையேறிப் போனவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

டெல்பர்ட் இழுத்துப்போன பெட்டி வெள்ளைதான். மைக்கைப் பிடுங்கி, "டென்-ஃபோர், புண்ணியமாப் போச்சு" என்றான்.

டென்-ஃபோர் என்றால் சேதி வந்து சேர்ந்தது, இனி என் பாடு என்று அர்த்தம். சொன்னவன் அதைக் கேட்டுவிட்டு அவன் வழியே போய்விட்டான்.

பக்கத்து இருக்கையில் அவன் மனைவி மார்லிஸ் பின்னிக்கொண்டிருந்த கம்பளியை மடியில் போட்டாள். காலையில் அந்தக் கைப்பிடியை இழுத்தவள் அவள்தான்.

கொண்டைக்கடலை மூட்டை ஏற்றிய இடத்தில் எடை மேடை பின் அச்சில் பாரம் கூடுதல் என்று காட்டியது. வழக்கமான வேலைதான். மார்லிஸ் கைப்பிடியை இழுத்து, பெட்டியைச் சக்கரக் கூட்டத்தோடு பூட்டும் இரும்பு முளைகளான பின்களை விடுவித்தாள். டெல்பர்ட் பெட்டியின் பிரேக்கைப் பூட்டிவிட்டு வண்டியை மெல்ல முன்னால் நகர்த்த, சக்கரக் கூட்டம் இரண்டு துளை பின்னால் போனது. அதற்கு மேல் ஒரு துளை போனாலும் சட்டப்படி குற்றம். கைப்பிடியை உள்ளே தள்ளிவிட்டு அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அதன்பிறகு வண்டியை ஒரு வெட்டு வெட்டி இழுத்து, பின் துளைக்குள் உட்கார்ந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடமாக அப்படிப் பார்க்கிறவன் டெல்பர்ட். இன்றைக்குப் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துத் தொலைத்தான் என்று அப்படியே கிளம்பிவிட்டான்.

"கைப்பிடிய உள்ள தள்ளினியா?"

"தள்ளாம வருவேனா? நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

நல்லது என்று அவன் மூச்சு விடுவதற்குள் அவளே மெதுவாகச் சொன்னாள். "தள்ளினேன்னுதான் நினைக்கிறேன், டெல்."

அந்த 'நினைக்கிறேன்' அவனைக் கொன்றுவிட்டது.

கண்ணாடியில் பார்த்தான். மழைத் தண்ணீரைச் சக்கரங்கள் வாரியிறைத்ததில் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் புகைதான் தெரிந்தது. கைப்பிடி இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

பிரேக்கை மிதித்தால் சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும், பூட்டாத பெட்டி முன்னால் போகும். பெட்டியின் அடிச்சட்டக் கடைசியில் இருக்கும் ஒரு இரும்புக் கட்டை தாங்கினால் பிழைத்தார்கள். தாங்காவிட்டால் இருபது டன் கொண்டைக்கடலையும் இவர்களும் ஒன்றாகப் பள்ளத்தாக்குக்குப் போவார்கள். மிதிக்காவிட்டாலோ, ஏழு மைல் இறக்கம் சும்மா விடுமா?

கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தான். எஞ்சின் உறுமி உறுமி வண்டியைப் பிடித்து வைத்தது. வலது கால் பிரேக்கின் மேலே அந்தரத்தில் நின்றது. 

மார்லிஸ் வாய்க்குள் ஜெபம் சொன்னாள். நடுவில் நிறுத்தி, "இந்தச் சனியன் பிடிச்ச லாரிய வித்துடலாம்னு அப்பவே சொன்னேன்" என்றாள். மறுபடியும் ஜெபத்தைத் தொடர்ந்தாள்.

பெட்டி எங்கோ முனகியது. அவன் இன்னும் ஒரு கியர் குறைத்தான்.

ஒருவழியாகச் சாலையோரத்தில் வண்டிகள் ஒதுங்க விட்டிருந்த அகலமான இடம் வந்தது. அதன் சரளைக்கல்லில் ஏறி, ஊர்ந்து, தானாக ஓய்ந்து நின்றது லாரி. நின்ற பிறகுதான் பிரேக்கைப் பூட்டினான்.

மழையில் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தான்.

கைப்பிடி உள்ளே இருந்தது. நான்கு பின்னும் நான்கு துளையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. நம்பாமல் கையால் தடவிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

சேற்றில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பில் அழுகையும் வந்தது. கதவைத் திறந்து அவன் ஏறியதும் மார்லிஸ் அவன் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, கம்பளியை உருட்டி அவன் தலையில் எறிந்தாள்.

"பாவி மனுஷா, தள்ளினேன்னு சொன்னேன்ல."

அப்போது இவர்களைக் கடந்து இன்னொரு லாரி கீழே போனது. வயர்லெஸ்ஸில் ஒரு இளைஞனின் குரல் சந்தோஷமாக வந்தது.

"பின் பூட்டிட்டீங்களாண்ணே? இவ்வளவு நேரமும் ரொம்பத் தள்ளி உங்க பின்னாடியேதான், பிரேக்கத் தொடாம கியர்லயே உருட்டிக்கிட்டு வந்தேன். அவன் சொன்னதும் எனக்குத்தான்னு நினைச்சு உயிரே போச்சு. நீங்க டென்-ஃபோர்னு சொன்னப்பறம்தான் நிம்மதியாச்சு."

போகிற லாரியின் பெட்டியும் வெள்ளை.

டெல்பர்ட் மைக்கைப் பிடித்துக் கத்தினான். "தம்பி, பிரேக்க மிதிக்காத. அது ஒனக்குச் சொன்னது. ஒனக்குத்தான்."

ஆனால் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருப்பவனுக்கு அடுத்தவன் குரல் கேட்காது. அவன் விடாமல் பேசிக்கொண்டே போனான். கீழே ஊரில் ஆப்பிள் பை என்ற பலகாரம் நன்றாக இருக்கும், வாருங்கள், இன்றைக்கு என் கணக்கு என்றான்.

அடுத்த வளைவுக்கு முன்னால் அந்த லாரியின் பின்விளக்குகள் சிவந்தன.

சக்கரங்கள் தயங்கின. பெட்டி போய்க்கொண்டே இருந்தது.