காற்று மெத்தை

பெரியவரின் போர்வையை விலக்கியதும் வாடை முகத்தில் அறைந்தது. நர்ஸ் மூச்சை அடக்கிக்கொள்வதற்குள், தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மகன் ரோஜா வாசனை ஸ்பிரேயை எடுத்து ஒரு சுற்று அடித்தான். புண்ணின் நாற்றத்தோடு ரோஜாவும் கலந்துகொண்டது.

"அதை ஓரமா வைங்க சார். நாத்தத்தை மூடி வெச்சா புண்ணு ஆறிடுமா?"

"காலையிலயும் சாயங்காலமும் இங்கதானே சிஸ்டர் உட்கார்ந்து படிக்கிறேன். எனக்கும் மூக்கு இருக்குல்ல."

அவன் மடியில், செத்த பிறகு போகும் உலகத்தைப் பற்றிய தடிப் புத்தகம் விரிந்து கிடந்தது. கால்மாட்டில் மாட்டியிருந்த காற்று மெத்தையின் பம்ப் இன்றைக்கும் மூச்சுப்பேச்சில்லாமல் இருந்தது. யாரோ சுவரில் ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள்.

ஸ்விட்சுக்கு நேர் கீழே கிடந்த கைத்தடி அவள் காலில் இடறியது. நேற்றும் இங்கேதான் கிடந்தது. பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்கும் என்று பெரியவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட தடி. எடுத்துப் பழையபடி அவருடைய வலது கையோரம் சாத்தினாள்.

பெரியவர் பக்கவாதத்தில் விழுந்தவர். இடது பக்கம் அசையாது. வலி மட்டும் இரண்டு பக்கமும் குறைவில்லாமல் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தக் காற்று மெத்தை. சைக்கிள் ட்யூப் போன்ற குழாய்கள் குறுக்கே வரிசையாக இருக்கும். பம்ப் ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் காற்றடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து உப்பியது வாடும், வாடியது உப்பும்.

இதனால் உடம்பில் ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருக்காது. அழுந்திய இடத்தில் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத சதை அழுகும். பம்பை நிறுத்தினால் காற்று மெல்ல இறங்கிவிடும். அப்புறம் வெறும் பலகையில் கிடப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

மெத்தை வந்த அன்று, இதையெல்லாம் பெரியவர் அவளிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். லாரி மெக்கானிக்காக இருந்தவர். "ஆயுசு பூரா டயருக்கு நான் காத்தடிச்சேன். இப்ப டயரு என்னைத் தூக்குது பாரும்மா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நடுரோட்டில் நின்றுபோன வண்டி யாருடையதென்றாலும், சாப்பிட்ட கையை உதறிவிட்டு ஓடிய மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

மகன் புத்தகத்தோடு வந்து நாற்காலி போட்ட பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பேச்சும் குறைந்தது. ஆறி வந்த புண் மறுபடியும் வாயைத் திறந்துகொண்டது.

நர்ஸ் முதலில் மெத்தையைத்தான் சந்தேகப்பட்டாள். குழாய் குழாயாக சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. பம்பில் கோளாறு இல்லை, ட்யூப் எங்கேயும் மடங்கவில்லை. மிச்சம் இருந்தது ஸ்விட்ச்தான். அவள் வீட்டுக்குப் போன பிறகு இங்கே எழுந்து நடமாடுகிற ஆள் மகன் ஒருவன்தான்.

"நீங்கதானே சார் அமத்துறீங்க?"

"நானா? நான் எதுக்கு அமத்தணும்?"

"பம்பு சத்தத்துல படிக்க முடியலைன்னு அன்னைக்கு யார் சொன்னது?"

"சொன்னேன். அதுக்காக?" அவன் எரிச்சலோடு விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினான். "அந்தக் கட்டிலை நான் தொடுறதே இல்ல. தொட்டா திரும்பக் குளிக்கணும். படிப்பு விட்டுப்போயிடும்."

பெற்ற அப்பனைத் தொட்டால் குளிக்க வேண்டுமாம். அவளுக்கு அந்தப் புண்ணே பரவாயில்லை என்று தோன்றியது.

"புண்ணு எலும்பு வரைக்கும் போனா ஆளு தங்க மாட்டாருன்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழுந்துச்சா?"

"இது என்னைக்கிருந்தாலும் அழியற உடம்பு சிஸ்டர். இங்க வலிச்சா என்ன, அங்க வலிக்காம இருக்கணும். இவரு ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டதில்ல. இப்படியே போனா அங்க எண்ணெய்க் கொப்பரைதான். தெனம் படிச்சுக் காட்டுறேன். கேட்டீங்கல்லப்பா?"

பெரியவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"மருந்து கட்டணும். வெளிய போங்க."

அவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புத்தகத்தை மட்டும் பத்திரமாக நெஞ்சோடு அணைத்தபடி போனான்.

அவள் பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புண்ணைக் கழுவி, அழுகியதை எடுத்தாள். மனுஷன் முனகக்கூட இல்லை, போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்டு முடித்து ஸ்விட்சைப் போட்டாள். பம்ப் உறுமியது. மெத்தை மெல்ல அவரைத் தூக்கிக் கொடுத்தது.

"இன்னைக்கே உங்க பொண்ணுக்கு போன் போடுறேன் ஐயா. வந்து கூட்டிட்டுப் போகட்டும். அப்பனை உயிரோட அழுக விடுறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா?"

"அவனைத் திட்டாதேம்மா. அவன் தொடல."

எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த குரல். வலது கை தடவித் தடவிக் கைத்தடியைப் பிடித்தது. அந்தக் கை மட்டும் இன்னும் மெக்கானிக்கின் கைதான். தடியின் நுனி சுவரோரம் நடுங்காமல் ஏறி, குறி தவறாமல் ஸ்விட்சைத் தட்டியது. பம்ப் அடங்கியது. தடி கைநழுவித் தரையில் விழுந்தது.

"இங்கேயே வெந்துட்டா, அங்க வேக வேண்டாமாமே."