மிச்சக் கிளைகள்

ரோஸ்விதா தேவதாருக் கிளையை ஒடித்து வைக்கோல் வளையத்தின் மேல் வைத்தாள். கம்பியை இழுத்துச் சுற்றினாள்.

ஊசியிலை விரலில் குத்தியது. குத்தட்டும்.

"மரித்தோர் ஞாயிறே இன்னும் வரல. அதுக்குள்ள கிறிஸ்துமஸ் வளையம் கட்டுறியா? முதல்ல கல்லறைக்கு, அப்புறந்தான் வீட்டுக்கு. ஊரு சிரிக்கும்டி" என்றாள் குட்ரூன்.

குட்ரூன் அவளுடைய நாத்தனார். நாக்கில் சனி குடியிருந்தாலும், படுத்துக் கிடக்கும் தம்பிக்குச் சூப் கொண்டுவர ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. நிலம் உறைவதற்கு முன்னால் அவரவர் வீட்டுக் கல்லறைகளைத் தேவதாருக் கிளையால் போர்த்தி மூட வேண்டும். மரித்தோர் ஞாயிறு கழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வளையம் வரும். நாலு மெழுகுவத்தி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள்.

ரோஸ்விதாவின் புருஷன் எபர்ஹார்டுக்கு, அந்த நாலில் ஒரு ஞாயிறு வரைகூட டாக்டர் கெடு கொடுக்கவில்லை.

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ரோஸ்விதா அதை நாத்தனாரிடம் சொன்னாள். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது, அது ஒன்றுதான் என் வேண்டுதல் என்றாள்.

குட்ரூன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் கிளை நறுக்க ஆரம்பித்தாள்.

முதல் மெழுகுவத்தியை வருஷா வருஷம் எபர்ஹார்ட்தான் ஏற்றுவார். வருஷா வருஷம் விரலைச் சுட்டுக்கொண்டு, இயேசு பிறக்கப்போகிற வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்வார். இந்த வருஷமும் அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு. மருந்து மயக்கத்தில் அவருக்குப் பகல் எது, ராத்திரி எது என்றே தெரிவதில்லை. காலண்டரைக் கழற்றி ஒளித்து வைத்தாயிற்று. இன்றைக்குத்தான் முதல் ஞாயிறு என்று சொன்னால் நம்பாமலா போவார்?

அவருடைய கட்டில், பக்கத்து அறையில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஆகஸ்ட் மாசத்திலும் கம்பளிக் காலுறையைக் கழற்றாத மனுஷர், இரண்டு போர்வைக்குள் சுருண்டிருந்தார்.

ரோஸ்விதா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நாலு மெழுகுவத்தியும் செருகிய வளையத்தை அவர் மடியில் வைத்து, முதல் ஞாயிறு வந்துவிட்டது, நீங்கள் தூங்கிக்கொண்டே இருந்தீர்கள் என்றாள். வாசற்படியில் நின்ற குட்ரூன், இன்றைக்குக் கோவிலில் நிற்க இடமில்லை என்று தன் பங்குக்கு ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

அவர் வளையத்தைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாக்கும் என்று அவள் திரையை இழுக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு தீப்பெட்டி கேட்டார். ஒன்றை ஏற்றினார். நிறுத்தவில்லை, நாலையும் ஏற்றினார். மருந்து செய்கிற வேலை, கணக்குத் தப்பிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசிக் குச்சி விரலைச் சுட்டது. அந்த வார்த்தையைச் சொன்னார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நம்பிவிட்டார், அது போதும்.

சமையலறைக்குப் போய், மேஜையில் மீந்திருந்த கிளைகளை ஏப்ரனில் வாரிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"மிச்சக் கிளைய எரிச்சிடாத, ரோசி" என்றார் உள்ளேயிருந்து.

ஏப்ரனோடு கதவருகே வந்து நின்றாள். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் வழியே அவளும் இப்போதுதான் பார்த்தாள். எதிரே கோவில் கல்லறைத் தோட்டம். வெறும் மண். எந்தக் கல்லறைமேலும் இன்னும் ஒரு கிளைகூட விழவில்லை.

"எனக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத்தான் தெரியுமே" என்றார்.