முஸ்பிறாவின் கொம்பியூட்டர்

மூன்றாவது தடவையும் பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் காற்றாடிகள் சுழன்றன, நீல வெளிச்சம் எரிந்தது. மொனிட்டர் மட்டும் இருட்டாகவே கிடந்தது.

என் முதுகுக்குப் பின்னால் மனைவி வீட்டார் அத்தனை பேரும் நின்றார்கள். கலியாணம் முடித்து மூன்று மாதம். எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டில்தான் இருக்கிறேன்.

சம்பந்தம் பேச வந்தவர், நான் கட்டாரில் கொம்பியூட்டர் இன்ஜினியர் என்று அளந்துவிட்டிருந்தார். உண்மையில் நான் அங்கே கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து சாமான் பட்டியல் அடித்தவன். அன்றைக்கே மறுத்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

என் மனைவியின் தங்கை முஸ்பிறா கட்டடப் படம் வரையப் படிக்கிறாள். அவளுக்கு ஒரு கொம்பியூட்டர் தேவைப்பட்டது. கடையில் பாகங்களைப் பொருத்திப் பூட்டித் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லி, சாமான்களை மட்டும் வாங்கி வந்து நானே பூட்டினேன். வீட்டில் ஓர் இன்ஜினியர் இருக்கும்போது கடைக்காரனுக்கு என்ன வேலை என்று மாமாவுக்கும் பெருமை பிடிபடவில்லை.

ரேமைக் கழற்றி ஊதிவிட்டுச் செருகினேன். தெரிந்த வயர், தெரியாத வயர் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாமா நல்ல மனிதர். சவளக்கடை வயலில் தண்ணிப் பம்ப் மக்கர் பண்ணினால் இரண்டு தட்டுத் தட்டுவோம், இதையும் தட்டிப் பார்ப்போமா மகன் என்று கேட்டார். மாமி, கண்ணூறு பட்டிருக்கும் என்றார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வாய் முந்திக்கொண்டது. சாமான் தந்த சுஜிந்தனுக்கு எல்லோரும் கேட்கும்படி போன் எடுத்தேன். அவன் பாண்டிருப்புத் தமிழ்ப் பொடியன். கல்முனையில் சின்னதாகக் கடை போட்டு ஒரு வருசம்கூட ஆகவில்லை.

"பாவிச்ச மதர்போர்டைப் புதுசெண்டு தந்து ஆரை ஏமாத்தப் பாக்கிறாய்?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. மொனிட்டர் வயரை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் காக்கா என்று, சொந்த அண்ணனைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டான். எனக்குப் படிப்பிக்க வராதே, நேரில் வந்து பார் என்று வெட்டிவிட்டேன்.

நம்மட ஆக்களின் கடையில் வாங்கியிருந்தால் இப்படி வருமா என்றார் மாமி. சும்மா இருங்க உம்மா என்று என் மனைவி சுபைறா அடக்கினாள். மாமி சொன்னது பிழையென்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

சோறு ஆறுகிறது என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பசியில்லை என்று சொல்லி நான் அங்கேயே இருந்தேன்.

அரை மணித்தியாலத்தில் சுஜிந்தனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வீட்டார் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். மாமி சிரிக்கவில்லை.

பெட்டியின் பின்பக்கம் குனிந்தான். ஒரு வயரைப் பிடுங்கி, சற்றுக் கீழே இருந்த இன்னொரு துளையில் செருகினான். அவ்வளவுதான் வேலை. போர்டில் ஒரு துளை, படம் காட்டுகிற கார்டில் அதேமாதிரி ஒரு துளை. வயர் கார்டுக்குப் போகவேண்டும். அது போர்டில் இருந்தது.

மொனிட்டரில் வெளிச்சம் வந்தது. அவன் முன்னால் நின்றதால் மற்றவர்களுக்குத் திரை மறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

விண்டோஸை அவனே கடையில் டிஸ்கில் ஏற்றித் தந்திருந்தான். முதன்முதலாக ஓடும்போது, பாவிக்கப்போகிறவரின் பெயரை அது கேட்கும். கேட்டிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் முஸ்பிறா என்று ஏற்கெனவே எழுதியும் இருந்தது.

எழுதியது நான்.

அவர்கள் சாப்பிடப் போன பிறகு சுஜிந்தன் கேட்ட கேள்வி மனதைக் குடைந்தது. வயரை மாற்றிப் பார்த்தேன், படம் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சந்தோசத்தில் அவளுடைய பெயரையும் அடித்தேன். கூப்பிட வாயெடுத்த பிறகுதான், அப்படியென்றால் அவனைக் கள்ளனாக்கியது என்ன கணக்கு என்று யோசனை வந்தது. ஓர் இன்ஜினியருக்கு வயர் செருகத் தெரியாதா என்று கேட்பார்களே. அதைப் பிடுங்கி, பழையபடி பிழையான துளையிலேயே செருகிவிட்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

சுஜிந்தன் அந்தப் பெயரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன்தான் குற்றம் செய்தவன்போலக் கண்ணை எடுத்துக்கொண்டான்.

கீபோர்டை இழுத்து, ஒவ்வோர் எழுத்தாக அந்தப் பெயரை அழித்தான்.

"பிழை எங்கட பக்கம்தான் உம்மா. போர்டுல சின்னக் கோளாறு இருந்திருக்கு, இப்ப சரி" என்றான் மாமியிடம்.

நான் அப்பவே சொன்னேன்தானே என்றார் மாமி. முஸ்பிறா கதிரையில் வந்து இருந்து, தன் பெயரைத் தானே அடித்தாள். மச்சான் கெட்டிக்காரன் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

சுஜிந்தன் தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டுப் போனான். வாசல் கேற் வரைக்கும் கூடப் போனேன். மன்னித்துக்கொள் என்று சொல்வதற்குப் பதிலாகக் கேற்றைத் திறந்துவிட்டேன். போகிறேன் காக்கா என்று அவன்தான் சொன்னான்.

திரும்பி வந்தபோது மாமா கவலையாக இருந்தார். அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். அலுவலகத்துக்கு ஆறு கொம்பியூட்டர் எடுக்க அந்தப் பொடியனிடம்தான் பேசி வைத்திருந்தாராம், இனிச் சரிவராது என்றார். வேறு எந்தக் கடையில் நம்பி எடுக்கலாம் என்று என்னிடமே கேட்டார்.

யோசிக்கிறவன்போல நெற்றியைத் தடவினேன். பிறகு, வேறொரு கடையின் பெயரைச் சொன்னேன்.