கௌதாரி சொன்ன இடம்

ஏரிக்கரைப் பிராணிகள் கூடி ஒரு சேவைச் சங்கம் ஆரம்பித்தன. முதல் கூட்டத்திலேயே உடும்பு எழுந்தது. "இந்த மழைக்காலத்தில் ஒரு முட்டைகூட வெள்ளத்தில் போகக்கூடாது. அதுதான் நம்ம இலக்கு. தண்ணி ஏறினால் நான் நீந்திப்போய், வாயில் கவ்வி மேட்டுக்குக் கொண்டுவந்துடறேன். அவங்கவங்க கூடு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

கௌதாரிக்குச் சுருக்கென்றது. முட்டை தின்கிற வாயிலேயே முட்டையைக் கொடுப்பதா?

"என்னக்கா யோசிக்கிறீங்க? நான் இப்பல்லாம் நண்டும் பூச்சியும்தான் சாப்பிடறேன்" என்றது உடும்பு.

யாரும் கேட்காமலே இதை ஏன் சொல்கிறது? கௌதாரியின் சந்தேகம் இன்னும் வலுத்தது. "வடகரைத் தாழம்புதர், தம்பி" என்றது சிரித்துக்கொண்டே. அதன் ஐந்து முட்டைகளும் தென்கரைக் கோரைப்புல்லில் இருந்தன.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. தென்கரையைத் தண்ணீர் மூடியது. மேட்டுக்குப் பறந்து வந்த கௌதாரி, ஆள்காட்டியின் முட்டைகளும் காடையின் முட்டைகளும் அங்கே கீறல்கூட இல்லாமல் இருப்பதைப் பார்த்தது. உடும்பை மட்டும் காணவில்லை.

பொழுது சாயும்போது அது தள்ளாடி வந்தது. கௌதாரியின் கண் முதலில் அதன் வயிற்றுக்குத்தான் போனது. வயிறு ஒட்டிக் கிடந்தது. உடம்பெல்லாம் தாழை முள் கிழித்த ரத்தம்.

"மூணு தடவை முங்கிப் பார்த்துட்டேன் அக்கா, கிடைக்கலை. கோவிச்சுக்காதீங்க, இன்னொரு தடவை பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, உடும்பு மறுபடியும் வடகரைப் பக்கம் திரும்பியது.

"போகாதே தம்பி" என்றது கௌதாரி. அதன் பார்வை தண்ணீர் மூடிய தென்கரைப் பக்கம் திரும்பியது.